கொக்கி ஊசியும் கூலிக் கணக்கும்

காணியை விட்டு வந்த குடும்பங்களுக்குப் பின்னல் வேலை ஏற்றது. கொக்கி ஊசியும் நூலுருண்டையும் போதும்; நிலம் வேண்டாம். நாவலப்பிட்டி மழையிலும் வேலை நிற்காது. ஆனால் கூலி?

ஆந்திராவின் நரசாப்பூரில் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார் பெண்களுக்கு றேந்தை பின்னக் கற்பித்தனர். நாளடைவில் அது ஏற்றுமதித் தொழிலாயிற்று. அங்குள்ள நிலையை ஆராய்ந்து ஜேர்மன் ஆய்வாளர் மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள்தோறும் பல மணித்தியாலம் பின்னிய பெண்கள் தொழிலாளராக அன்றி, வெறும் இல்லத்தரசிகளாகவே கணிக்கப்பட்டனர் என்று அவர் காட்டினார். அவர்களுக்குக் கிடைத்தது சொற்பக் கூலி, இலாபம் வியாபாரிகளுக்கு.

சகோதரிகளே, ஒரு துண்டு பின்ன எத்தனை மணித்தியாலம், நூலுக்கு எவ்வளவு செலவு என்று கொப்பியில் எழுதி வையுங்கள். தனித்தனியே விற்காமல், குழுவாகச் சேர்ந்து விலை பேசுங்கள். நூலுக்கு மட்டுமல்ல, உங்கள் நேரத்துக்கும் விலை உண்டு.