சூனியப் பள்ளத்தாக்கு
ஒரு கற்றை முடிக்காக நடந்த கொலை!

அமெரிக்காவில் பேய் உண்டா? "உண்டு" என்று அடித்துச் சொல்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். எங்கே என்று கேட்டால், பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஒரு பழைய மர வீட்டைக் காட்டுகிறார்கள்.

வாருங்கள், அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வருவோம்.

யார்க் நகரிலிருந்து தெற்கே போனால் மேடும் பள்ளமுமாக வயல்கள். பிறகு ஒரு குறுகிய சாலை சரிவில் இறங்குகிறது. இரண்டு பக்கமும் மரங்கள். பகலிலேயே நிழல் படிந்து கிடக்கிறது. இந்த இடத்துக்கு ஊரார் வைத்த பெயர் "ஹெக்ஸ் ஹாலோ". சூனியப் பள்ளத்தாக்கு என்று பொருள்!

அங்கேதான் அந்த வீடு இன்றும் நிற்கிறது. உள்ளே ஒரு கடிகாரம் 12 மணி 1 நிமிடத்தில் நின்றுவிட்டதாம். அது கொலை நடந்த நேரம் என்கிறார்கள். பேய் பார்க்கும் ஆசையில் இளைஞர்கள் இரவு நேரத்தில் வந்து போகிறார்கள்.

யாருடைய பேய்?

மந்திரிக்கும் விவசாயி

நெல்சன் ரேமேயர் என்பது அவர் பெயர். உருளைக்கிழங்கு பயிரிட்டவர். ஆறடிக்கு மேல் உயரம். மனைவி பிரிந்து பக்கத்திலேயே வசித்தார். இவர் தனியாக இருந்தார்.

அந்தப் பகுதியில் ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பங்கள் அதிகம். நோய் வந்தால் பலர் மந்திரிப்பவரிடம் போவார்கள். அவர் ஜெபம் சொல்லித் தடவிக் கொடுப்பார். மூலிகை தருவார். ரேமேயரும் அப்படி மந்திரிப்பவர்தான்.

இவர்களுக்கு ஒரு புத்தகம் உண்டு. ஹோமன் என்பவர் 1820-இல் வெளியிட்டது. பெயர், "நெடுநாள் மறைந்திருந்த நண்பன்". இதைக் கையில் வைத்திருப்பவரை எதிரி வெல்ல முடியாது, தீயும் சுடாது என்று அந்தப் புத்தகமே உறுதி சொன்னது!

தூக்கம் வராத மனிதன்

ஜான் பிளைமைர் என்பவனும் மந்திரிக்கும் குடும்பத்தில் பிறந்தவன். சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அவனுக்குத் தூக்கம் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. உடம்பு இளைத்தது. பெற்ற குழந்தைகளும் இறந்து போயின. மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்து தப்பி வந்துவிட்டான்.

"எனக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள்" என்பதே அவன் எண்ணம். யார் வைத்தது? அதை அறியக் குறி கேட்கப் போனான்.

மாரியட்டா என்ற ஊரில் நெல்லி நோல் என்ற மூதாட்டி குறி சொல்லி வந்தாள். அவள் ஒரு பெயரைச் சொன்னாள்.

"ரேமேயர்!"

பரிகாரமும் சொன்னாள். ரேமேயரின் தலைமுடியில் ஒரு கற்றையை வெட்டி மண்ணில் புதைக்க வேண்டும். அல்லது அவருடைய மந்திரப் புத்தகத்தை எரிக்க வேண்டும்.

உபசரித்தவருக்குக் கிடைத்தது

1928 நவம்பர் 26. பிளைமைர், ஜான் கரி என்ற 14 வயதுச் சிறுவனை அழைத்துக்கொண்டு ரேமேயர் வீட்டுக்கு வந்தான். நெடுநேரம் பேசினார்கள். இரவு வெகுநேரமாகிவிட்டது. "இங்கேயே படுத்துக்கொள்ளுங்கள்" என்று இடம் கொடுத்தார் கிழவர். காலையில் சாப்பாடும் போட்டு அனுப்பினார்.

மறுநாள் இரவே இருவரும் திரும்பி வந்தார்கள். கூட மூன்றாவது ஆள் ஒருவன். வில்பர்ட் ஹெஸ், வயது 18. தங்கள் குடும்பத்துத் துன்பங்களுக்கும் சூனியமே காரணம் என்று நம்பியவன்.

புத்தகத்தைக் கேட்டார்கள். கிடைக்கவில்லை. மூவரும் பாய்ந்தார்கள். கயிற்றால் கட்டி அடித்தார்கள். கிழவர் இறந்துபோனார்!

உடலுக்குத் தீ வைத்துவிட்டு ஓடினார்கள். ஆனால் வீடு எரியவில்லை. தீ தானாக அணைந்துவிட்டது. பேய்க் கதை பிறந்தது அந்த நிமிடத்தில்தான். "மந்திரப் புத்தகம் வீட்டைக் காப்பாற்றிவிட்டது" என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். வீட்டைக் காத்த புத்தகம், வீட்டுக்காரரை ஏன் காக்கவில்லை? அதை யாரும் கேட்கவில்லை.

வழக்கு மன்றத்தில்

1929 ஜனவரியில் யார்க் நகரில் விசாரணை நடந்தது. நிருபர்கள் வந்து குவிந்தார்கள். "இது பணத்துக்காக நடந்த கொலை" என்றது அரசு தரப்பு. சூனிய நம்பிக்கை ஊரின் பெயரைக் கெடுத்துவிடும் என்ற கவலை பலருக்கு.

பிளைமைரோ ஒளிக்கவில்லை. ரேமேயர் இறந்தபின் தனக்கு நன்றாகச் சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது என்று சொன்னான்!

பிளைமைருக்கும் கரிக்கும் ஆயுள் தண்டனை. ஹெஸ்ஸுக்கு 10 முதல் 20 ஆண்டு. இளைஞர் இருவரும் சுமார் பத்து ஆண்டில் வெளியே வந்தார்கள். பிளைமைர் 1953-இல் விடுதலையானான்.

எது பேய்?

பிளைமைரின் நோய் பொய்யல்ல. அவன் பட்ட வேதனையும் பொய்யல்ல. அவனுக்கு வேண்டியிருந்தது வைத்தியம். கிடைத்தது ஒரு பெயர். குறிகாரி சொன்ன ஒரே ஒரு சொல், சோறு போட்ட கிழவரை அவன் கண்ணுக்குச் சூனியக்காரராகக் காட்டியது.

அந்தப் பள்ளத்தாக்கில் பேய் ஒன்று உலவியது உண்மைதான். ஆனால் அது ரேமேயர் செத்த பிறகு வந்ததல்ல. அதற்கு முன்பே மூன்று பேர் மனத்தில் புகுந்திருந்தது.

அதன் பெயர் பயம்!