சாவிக்கொத்தும் ஒரு சிறு கோப்பும்

அலுவலகத்துக்கு ஒரு சாவி, சொந்த வேலைக்கு ஒன்று, வாடிக்கையாளர் சர்வருக்கு இன்னொன்று என்று கணினித் துறையிலுள்ள நம்மவர் பிள்ளைகள் பலர் வைத்திருக்கிறார்கள். தொலைவிலுள்ள கணினிக்குள் பத்திரமாக நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். சாவிகள் இவை. பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் களவு போனதையடுத்து, பின்லாந்தின் டாட்டு யூலோனென் 1995-இல் உருவாக்கிய முறை இது.

சாவி இரட்டையாகவே பிறக்கும். பொதுச் சாவி எதிர்க் கணினியில் இருக்கும். தனிச் சாவி நம்மை விட்டுப் போகவே கூடாது.

நாம் எதுவும் சொல்லாவிட்டால், கொத்திலுள்ள சாவிகளையெல்லாம் நிரல் வரிசையாக நீட்டிப் பார்க்கும். ஓப்பன் எஸ்.எஸ்.எச். சர்வர் வழக்கமாகத் தருவதோ 6 முயற்சிதான். சரியான சாவி ஏழாவதாக இருந்தால் கதவு சாத்தியாச்சு! நம்மிடம் சாவி இருந்தும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இதற்குத்தான் ‘கான்ஃபிக்’ கோப்பு. ‘ஹோஸ்ட்’ என்று ஒரு செல்லப்பெயர். அதன்கீழ் முகவரி, பயனர் பெயர், எந்தச் சாவி என்ற விவரம். அதோடு நின்னுடக் கூடாது. ‘ஐடென்டிட்டீஸ்ஒன்லி எஸ்’ என்ற வரியும் வேண்டும்; இல்லையென்றால் மற்ற சாவிகளும் நீட்டப்படும்.

கோப்பு மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். பயனர் பெயர் போன்றவற்றில் முதலில் கிடைத்ததே செல்லும். பின்னால் வருவது செல்லாது. பேரேடு எழுதிப் பழகியவர்களுக்கு இது தலைகீழ். நமக்குக் கடைசி நிலுவைதானே கணக்கு! ஆகவே எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதியை அடியில் போடணும்.

தனிச் சாவிக் கோப்புக்கு அனுமதி 600, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத. அடுத்தவரும் படிக்கலாம் என்று விட்டால் நிரலே அந்தச் சாவியை ஏற்காது. வேலை மாறும்போது கான்ஃபிக் வரியை அழிப்பது போதாது. சர்வரிலிருக்கும் பொதுச் சாவியையும் நீக்கச் சொல்லணும். அதுவரை அந்தக் கதவு அந்தச் சாவிக்குத் திறக்கும்.