ஆழிப்பேரலைக்குப் பிந்திய பொதுக்கட்டமைப்பு (இலங்கை)

ஆழிப்பேரலைக்குப் பிந்திய பொதுக்கட்டமைப்பு என்பது 2004 டிசம்பர் 26 ஆம் நாள் இந்தியப் பெருங்கடலில் ஏற்பட்ட ஆழிப்பேரலையினால் அழிவுற்ற இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் மீள்கட்டுமானப் பணிகளைக் கூட்டாக மேற்கொள்வதற்கென இலங்கை அரசும் தமிழீழ விடுதலைப் புலிகளும் 2005 சூன் 24 ஆம் நாள் கையெழுத்திட்ட உடன்பாடு ஆகும். இது "சுனாமி பொதுக்கட்டமைப்பு" என்றும் அறியப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையினால் இது நடைமுறைக்கு வரவில்லை. பேரழிவினால் உருவான ஒற்றுமையுணர்வு எவ்வளவு விரைவாகக் கலைந்தது என்பதற்கு இவ்வுடன்பாட்டின் வரலாறு சான்றாக உள்ளது.

பின்னணி

அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 2002 பெப்ரவரி முதல் போர்நிறுத்த உடன்பாடு நடைமுறையில் இருந்தது. எனினும் 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சுவார்த்தைகளை இடைநிறுத்தினர். 2004 நவம்பரில் வேலுப்பிள்ளை பிரபாகரன் தமது மாவீரர் நாள் உரையில், இடைக்காலத் தன்னாட்சி அதிகாரசபை குறித்த பேச்சுகளை அரசு தாமதித்தால் விடுதலைப் போராட்டத்தை முன்னெடுக்க நேரிடும் என எச்சரித்திருந்தார். போர் மீண்டும் வெடிக்கலாம் என்ற அச்சம் நிலவிய இவ்வேளையிலேயே கடல் பொங்கியது.

இலங்கையில் 30,000 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிகக் கூடுதலான இழப்பு அம்பாறை மாவட்டத்தில் ஏற்பட்டது. அங்கு கரையோர முசுலிம் ஊர்கள் பெரும் அழிவைச் சந்தித்தன. தெற்கே பெரலிய என்னும் இடத்தில் தொடருந்து ஒன்று அலையில் சிக்கியதில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிங்களவர், தமிழர், முசுலிம்கள் ஆகிய முத்தரப்பினரும் ஒரே நாளில் ஒரே விதமான இழப்புக்கு உள்ளானது நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் அதற்கு முன் நிகழ்ந்திராத ஒன்று.

முதல் வாரங்கள்

தொடக்க நாட்களில் உதவி இன எல்லைகளைக் கடந்து சென்றது. தெற்கிலிருந்து உணவும் உடையும் கிழக்கிற்கு அனுப்பப்பட்டன. கோயில்களும் பள்ளிவாசல்களும் விகாரைகளும் தேவாலயங்களும் வேறுபாடின்றி அகதிகளுக்கு இடமளித்தன. அரசு அமைப்பு இவ்வுணர்வைப் பின்தொடரவில்லை. 2005 சனவரியில் இலங்கை வந்த ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் செயலாளர் கோஃபி அன்னான், புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குச் செல்ல அரசு இணங்கவில்லை. கரையோரத்தில் வீடு கட்டத் தடை செய்யப்பட்ட பகுதி தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டராகவும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டராகவும் அறிவிக்கப்பட்டது. ஒரே அலையினால் வீடிழந்தவர்களுக்கு இரு வேறு அளவுகோல்கள் ஏன் என்ற கேள்வி, குறிப்பாக நிலம் குறைந்த அம்பாறைக் கரையோரத்து முசுலிம்களிடையே, ஆழமான மனக்குறையாக மாறியது.

கட்டமைப்பு

வெளிநாடுகளும் நிறுவனங்களும் அளிக்க முன்வந்த உதவி சுமார் 300 கோடி அமெரிக்க டாலர் அளவிலானது. வடக்கு, கிழக்கின் ஒரு பகுதி அரசிடமும் மறு பகுதி புலிகளிடமும் இருந்தமையால், இந்நிதியை யார் கையாள்வது என்பதே சிக்கலாயிற்று. ஏறத்தாழ ஆறு மாதப் பேச்சுகளுக்குப் பின் எட்டப்பட்ட உடன்பாடு மூன்று அடுக்குகளைக் கொண்டிருந்தது. மேலே அரசு, புலிகள், முசுலிம்கள் ஆகிய தரப்புகளுக்கு ஒருவர் வீதம் மூவர் கொண்ட உயர்மட்டக் குழு. அதன் கீழ் கிளிநொச்சியில் அமையவிருந்த பிராந்தியக் குழுவில் புலிகளுக்கு 5, முசுலிம்களுக்கு 3, அரசுக்கு 2 என 10 இடங்கள். அடித்தளத்தில் அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் ஆகிய ஆறு மாவட்டங்களின் குழுக்கள். கடற்கரையிலிருந்து 2 கிலோமீட்டர் வரையிலான நிலப்பகுதி மட்டுமே இதன் எல்லைக்குள் வந்தது, காலம் ஓராண்டு.

இவ்வளவு குறுகிய எல்லை கொண்ட ஓர் ஏற்பாடு நாடு பிளவுபடுவதற்கான முதற்படி எனச் சித்திரிக்கப்பட்டது. சனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவின் கூட்டணியில் 39 நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கொண்டிருந்த மக்கள் விடுதலை முன்னணி, கையெழுத்திடப்படுவதற்கு முன்பே, சூன் 16 ஆம் நாள் அரசிலிருந்து விலகியது. ஜாதிக ஹெல உறுமயவைச் சேர்ந்த பௌத்த பிக்குகள் உண்ணாநோன்பு இருந்தனர். மறுபுறம், உடன்பாட்டில் இடங்கள் ஒதுக்கப்பட்டும் கையெழுத்திடும் தரப்பாகச் சேர்க்கப்படாதமையை முசுலிம் கட்சிகள் கடுமையாகக் கண்டித்தன. அக்கண்டனத்தில் நியாயம் இருந்தது: கூடுதலாக இறந்தவர்களுள் அடங்கிய ஒரு சமூகம், தன் ஊர்களைப் பற்றிய உடன்பாட்டைச் செய்தித்தாளில் படித்தறிய நேர்ந்தது.

நீதிமன்றத் தடையும் பின்விளைவுகளும்

மக்கள் விடுதலை முன்னணி தொடுத்த வழக்கில் 2005 சூலை 15 ஆம் நாள் உயர் நீதிமன்றம், கிளிநொச்சியில் குழு அமைவது, பிராந்திய நிதியம் உள்ளிட்ட முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அவையின்றி எஞ்சியது செயற்படத்தக்கதாக இருக்கவில்லை. ஆகத்து 12 இல் வெளிநாட்டு அமைச்சர் லக்சுமன் கதிர்காமர் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசு புலிகளைக் குற்றஞ்சாட்டியது, புலிகள் மறுத்தனர்.

செப்டம்பரில் மகிந்த ராசபக்ச மக்கள் விடுதலை முன்னணியுடன் செய்த தேர்தல் உடன்பாட்டில் பொதுக்கட்டமைப்பைக் கைவிடுவதும் ஒன்று. நவம்பர் 17 தேர்தலில் அவர் இரண்டு இலட்சத்திற்கும் குறைவான வாக்குகளால் வென்றார். புலிகள் வலியுறுத்திய புறக்கணிப்பினால் யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவான வாக்குகள் 2 விழுக்காட்டையும் எட்டவில்லை. 2006 நடுப்பகுதியில் மாவிலாறு அணைக்கட்டுத் தகராற்றுடன் முழுப் போர் மூண்டது. 2008 சனவரியில் அரசு போர்நிறுத்த உடன்பாட்டிலிருந்து விலகியது.

ஆச்சேயுடன் ஒப்பீடு

இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்திலும் இதே அலை தாக்கியபோது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அங்கு 2005 ஆகத்து 15 இல் எல்சிங்கியில் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. போர்க்களத்தில் வலுவிழந்திருந்த ஆச்சே விடுதலை இயக்கம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. இந்தோனேசிய அரசு விரிவான தன்னாட்சிக்கு உடன்பட்டது. இலங்கையிலோ இரு தரப்பும் தமது படைவலிமையில் நம்பிக்கை கொண்டிருந்தன. அரசின் பெரும்பான்மையோ உடன்பாட்டை எதிர்த்த கட்சி ஒன்றின் ஆதரவில் தங்கியிருந்தது. ஆழிப்பேரலை ஆச்சேயில் அமைதியைத் தந்தது, இலங்கையில் போரைத் தந்தது என எளிமையாகக் கூறுவது இவ்வேறுபாட்டை மறைத்துவிடும்.

ஆச்சேயின் மீள்கட்டுமானத்துக்கென அமைக்கப்பட்ட முகமை தன் பணியை முடித்துக்கொண்டு 2009 ஏப்ரலில் கலைக்கப்பட்டது. அடுத்த மாதம், ஆழிப்பேரலை அழித்த அதே முல்லைத்தீவுக் கரையோரத்தில், முள்ளிவாய்க்காலில் இலங்கையின் போர் பெரும் உயிரிழப்புகளுடன் முடிவுற்றது.