இலக்கணத்திலிருந்து பிறக்கும் பகுப்பான்

ஒரே தொடரை இருவர் இருவகையாகப் பொருள் கொள்வதால் விளையும் தொல்லையை, பன்மொழிகளிடையே வாழும் நேயர்கள் நன்கு அறிவர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கோ அது நாள்தோறும் காணும் காட்சி. சில ஆண்டுகட்கு முன், தமிழ் ஊழியர் பலர் பணியாற்றிய வடநாட்டு அலுவலகம் ஒன்றின் சுற்றறிக்கையைத் தமிழாக்கினோம். 'பழைய ஊழியர் குடியிருப்பைக் காலி செய்தல் வேண்டும்' என்று எழுதிவிட்டோம். பழையது குடியிருப்பா, ஊழியரா? ஆங்கில மூலத்திலும் அந்த ஐயம் இருந்தது. நாம் கவனியாது விட்டுவிட்டோம். நெடுநாள் பணியாற்றிய ஒருவர் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டத் தொடங்கிய பிறகே பிழை புலனாயிற்று.

மனிதர் ஐயம் வந்தால் கேட்டறிவர். கணிப்பொறி கேட்பதில்லை. ஆதலின் அதற்கென வகுக்கும் மொழிக்கு இலக்கணம் ஐயமற அமைதல் வேண்டும். அத்தகைய இலக்கணத்தை விதிகளாக எழுதும் முறையை 1959-இல் ஜான் பேக்கஸ் என்பார் முன்வைத்தார். 1960-இல் வெளிவந்த அல்கால் மொழியின் அறிக்கையில் பீட்டர் நௌர் அதனைச் செம்மைப்படுத்திக் கையாண்டார். பாணினியின் சூத்திர முறை இதனை ஒத்திருத்தலின் அவர் பெயரையும் இதற்குச் சூட்டலாமென 1967-இல் பீட்டர் இங்கர்மன் எழுதினார். அதுகொண்டு பாணினியே கணிப்பொறி மொழியைக் கண்டார் என்று மார்தட்டுவது மிகை.

விதிகளின்படி ஒரு தொடரை உறுப்புறுப்பாகப் பிரித்து, எது எதனோடு இயைகிறது எனக் காணும் நிரலே பகுப்பான், அதாவது பார்சர். இதனைக் கையாலும் எழுதலாம்; ஆயின் விதிகள் பெருகப் பெருகப் பிழையும் பெருகும். இலக்கணத்தை மட்டும் கொடுத்தால் பகுப்பானைத் தானே இயற்றித் தரும் கருவிக்குப் பார்சர் ஜெனரேட்டர் என்று பெயர். 1970-களில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் ஆக்கிய 'யாக்' இவற்றுள் புகழ் பெற்றது. டொனால்ட் நூத் 1965-இல் வகுத்த கொள்கையே அதற்கு அடிப்படை.

அது ஆக்கித் தரும் பகுப்பான் செய்வன இரண்டே. அடுத்த குறியைப் படித்து அடுக்கின்மேல் வைக்கும். அன்றி, அடுக்கின் மேற்பகுதி ஏதேனும் ஒரு விதியோடு பொருந்துமாயின், அவ்வுறுப்புகளை ஒன்றாக ஒடுக்கும். எப்போது எதைச் செய்வது என்பதற்கான அட்டவணையை இலக்கணத்திலிருந்து கணித்துத் தருவதே கருவியின் பணி.

'கோவை என்பது ஓர் எண். அல்லது கோவை, கூட்டற்குறி, கோவை. அல்லது கோவை, பெருக்கற்குறி, கோவை' என்று இலக்கணம் எழுதுவோம். பார்வைக்குக் குறையில்லை. ஆனால் 2 × 3 + 4 என வருங்கால், 2 × 3 அடுக்கில் இருக்க, அடுத்து + நிற்கிறது. இப்போதே ஒடுக்குவதா, மேலும் படிப்பதா? இரண்டையும் இலக்கணம் அனுமதிக்கிறது. யாக் இதனைக் கண்டு, முரண் உண்டென எச்சரிக்கும். பிறகு, மேலும் படிப்பதையே தானாகத் தேர்ந்துகொள்ளும். விளைவு 2 × 7, அதாவது 14. சரியான விடையோ 10. இதே பகுப்பானிடம் 2 + 3 × 4 என்று கொடுத்தால் 14 என்று சரியாகவே விடை வரும். அதனை மட்டும் சோதித்தவர் குறையில்லை என்றே எண்ணுவர். எச்சரிக்கையைப் படியாமல் தள்ளுவோர் மிகப் பலர் என்று கேள்வி. அலுவலகக் குறிப்புகளுக்கும் அதே கதிதான்.

பரிகாரம் எளிது. கூட்டலுக்கு ஒரு விதியும் அதன் உறுப்பாகிய பெருக்கலுக்கு வேறொரு விதியும் எனப் படிப்படியாக இலக்கணத்தைத் திருத்தலாம். அல்லது எக்குறி முந்தியது என்பதை யாக்கிடமே அறிவித்துவிடலாம்.

நம் சுற்றறிக்கையை எச்சரிக்க அத்தகைய கருவி ஏதும் இருக்கவில்லை. 'ஊழியர்க்குரிய பழைய கட்டடத்தை' என்று விதியைத் திருத்துவதுபோல் தொடரைத் திருத்தி, மறு சுற்றறிக்கை அனுப்பினோம். அதற்குள் அந்த அன்பர் மின்விசிறியையும் கழற்றியிருந்தார்.