அப்பா கேட்ட இசைத்தட்டு

"நம்ம கிட்டப்பா பிளேட்டு எங்க பாப்பா?"

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தந்தையார் இப்படிக் கேட்டார். பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்து, அவர் கட்டிலோடு கிடந்த நேரம். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய கை அது. எனக்கோ பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தத் தட்டைத் தொலைத்தவள் நான்தான்!

1999ஆம் ஆண்டு அது. ஜொகூரில் நாங்கள் குடியிருந்த தோட்டம் கைமாறியது. லயத்தைக் காலி செய்துவிட்டு, பட்டணத்து ஓரத்தில் சிறிய வீடொன்றுக்குப் போக வேண்டியதாயிற்று. அப்போது எனக்கு வயது இருபது. ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். விடுமுறைக்கு வந்தவள் சாமான்களை ஒழித்துக் கட்டினேன். அம்மியைக் கட்டினேன், சாமி படங்களைக் கட்டினேன். தாத்தா விட்டுச் சென்ற தகரப் பெட்டி மட்டும் கனமாகக் கனத்தது. உள்ளே கறுப்புக் கறுப்பாய்த் தட்டுகள். பாட்டுப்பெட்டி எப்போதோ பழுதாகிவிட்டது. "இது எதற்கு, இடத்தை அடைத்துக்கொண்டு?" என்று பழைய சாமான் வாங்க வந்தவரிடம் பெட்டியோடு கொடுத்துவிட்டேன். ஆறு வெள்ளி கொடுத்தார். அப்பா அன்று வேலைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் கேட்டார்.

அன்பு வாசகர்களே, அந்த ஆறு வெள்ளிக்கு நான் எதை விற்றேன் என்பது அதன் பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அரக்கில் உறைந்த குரல்

பழைய 78 சுற்றுத் தட்டுகள் அரக்கால் ஆனவை. மரக்கிளைகளில் வாழும் சின்னஞ்சிறு பூச்சி சுரக்கும் அதே அரக்குதான். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டு. கை தவறிக் கீழே விழுந்தால் அப்பளம்போல் நொறுங்கிவிடும்!

இந்தியாவில் இசைத்தட்டுக்காகப் பாடிய தொடக்ககாலப் பாடகர்களில் புகழ்பெற்றவர் கௌஹர் ஜான் என்ற அம்மையார். 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் பாடினார். பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லி முடிப்பார். ஏன் தெரியுமா? அப்போது தட்டு வார்க்கும் தொழிற்சாலை இந்தியாவில் இல்லை. பதிவைக் கப்பலேற்றி ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தவர்கள் எது யாருடைய தட்டு என்று குழம்பாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. 1908இல் கல்கத்தாவில் தொழிற்சாலை வந்த பிறகே தட்டுகள் இந்திய மண்ணில் வார்க்கப்பட்டன.

பிறகு தமிழ்நாட்டிலும் இசைத்தட்டு வணிகம் சூடு பிடித்தது. நாய்ப் படம் போட்ட எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் என்று பல முத்திரைகள். பின்னாளில் படத் தயாரிப்பாளராகப் புகழ்பெற்ற ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரும் முதலில் இசைத்தட்டுத் தொழிலில் இருந்தவர்தாம். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் முதல் தட்டு, அவர் பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோது வெளிவந்தது. முழு நாடகத்தையே பல தட்டுகளில் பிரித்துப் பதிந்து, 'செட்'டாக விற்றதும் உண்டு.

இனி கிட்டப்பாவுக்கு வருவோம். செங்கோட்டையில் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா நாடக மேடையின் முடிசூடா மன்னர், கே.பி. சுந்தராம்பாளின் கணவர். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வந்தது 1931இல். 1933 டிசம்பரில், முப்பது வயதுகூட நிறையாமல், கிட்டப்பா மறைந்தார். ஒரு படத்திலும் அவர் நடிக்கவில்லை. ஆகவே இன்று அவருடைய குரல் எங்கே இருக்கிறது? அந்த அரக்குத் தட்டுகளில்தான்! யாரோ ஒருவர் உடைக்காமல், விற்காமல், எறியாமல் வைத்திருந்ததால்தான் நாம் அதைக் கேட்கிறோம்.

தாத்தாவின் பெட்டியில் இருந்ததும் அப்படி ஒரு தட்டு.

மில் தொழிலாளர்கள் காத்த பாட்டு

அப்பா கேட்ட நாளிலிருந்து தேடத் தொடங்கினேன். என் பழைய மாணவர்கள் எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் தாதியாக வேலை பார்க்கும் மாணவி ஒருத்தி பதில் எழுதினாள். "டீச்சர், நீங்கள் கேட்ட தட்டு இங்கே கிடைக்கவில்லை. ஆனால் என் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் உங்கள் கதையைச் சொன்னேன். கண் கலங்கிவிட்டார். அவரும் தட்டு சேர்ப்பவர்தான். இளவயதில் பஞ்சாலையில் வேலை செய்தவராம்."

அவள் சொன்னதைக் கேட்டு நானும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, நம் தோட்டத்துக் கதையே வேறு வேடத்தில் வந்ததுபோல் இருந்தது.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் கார்த் தொழிற்சாலைகளின் ஊர். அங்கே கார்த் தொழிற்சாலையில் வேலை செய்த பெர்ரி கோர்டி என்ற கறுப்பின இளைஞர், 1959இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். அதுதான் உலகப் புகழ்பெற்ற மோட்டவுன். கறுப்பின மக்கள் தேவாலயத்தில் உருகிப் பாடும் பாணியில் காதலையும் கவலையையும் பாடினார்கள். அதற்குச் 'சோல்' இசை என்று பெயர். 'ஆன்மா' என்று பொருள். மோட்டவுனைப் பார்த்து எத்தனையோ சிறு நிறுவனங்கள் முளைத்தன. அவற்றின் தட்டுகளில் பெரும்பாலானவை விலை போகவில்லை. கிடங்குகளில் தூசி படிந்து கிடந்தன.

அவற்றைத் தேடி எடுத்து உயிர் கொடுத்தவர்கள் யார்? கடலுக்கு அப்பால், இங்கிலாந்தின் வட பகுதியில் இருந்த பஞ்சாலைத் தொழிலாளர்களும், சுரங்கத் தொழிலாளர்களும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும்! லண்டனில் இசைத்தட்டுக் கடை நடத்திய டேவ் கோடின் என்பவர், வடக்கிலிருந்து வரும் இளைஞர்கள் புதிய பாட்டைத் தொடாமல் பழைய வேகப் பாட்டையே கேட்பதைக் கவனித்தார். 1970இல் ஒரு பத்திரிகையில் அந்த இசைக்கு 'நார்தன் சோல்', அதாவது 'வடக்கத்திச் சோல்' என்று பெயர் சூட்டினார். அமெரிக்காவில் பிறந்த பாட்டுக்கு இங்கிலாந்தின் திசை பெயராக அமைந்தது வேடிக்கைதான்!

விகன் என்பது அந்நாளில் நிலக்கரியும் பஞ்சாலையும் நிறைந்திருந்த ஊர். அங்கிருந்த 'விகன் கெசினோ' என்ற நடனக் கூடத்தில் 1973 செப்டம்பர் முதல் 1981 டிசம்பர் வரை சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கி ஞாயிறு காலை வரை ஆட்டம் நடந்தது. மது விற்பனை கிடையாது. தரை வழுக்குவதற்காக முகப்பவுடரைத் தூவிக்கொண்டு ஆடுவார்களாம். விடிய விடிய விழித்திருக்க மாத்திரை விழுங்கிக் கெட்டவர்களும் உண்டு, அதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலோரை அங்கே இழுத்தது பாட்டுதான். வாரமெல்லாம் இயந்திரத்தோடு மாரடித்தவர்களுக்கு அந்த ஓர் இரவு சொந்த இரவு. நம் தோட்டத்துத் திருவிழாவில் விடிய விடிய ஒலிபெருக்கி முழங்கியது நினைவுக்கு வருகிறதல்லவா?

அங்கே தட்டுப் போடுபவர்களுக்குள் கடும் போட்டி. தம்மிடம் உள்ள அரிய தட்டு எது என்று பிறர் அறியக் கூடாது என்பதற்காக, தட்டின் நடுவில் இருக்கும் பெயர்ச்சீட்டின்மேல் வேறு தாளை ஒட்டி, பொய்ப்பெயர் எழுதிவிடுவார்கள்! ஃபிராங்க் வில்சன் என்பவர் 1965இல் மோட்டவுனுக்குப் பாடிய ஒரு பாட்டு அப்படித்தான் முதலில் 'எடி ஃபோஸ்டர்' என்ற பொய்ப்பெயரில் உலா வந்தது. பாடகராவதைவிடப் பாட்டு அமைப்பதே மேல் என்று வில்சன் விலகியதால் அந்தத் தட்டு விற்பனைக்கே வரவில்லை. அழிந்ததுபோக மிஞ்சியவை மிகச் சில. அவற்றில் ஒன்று 2009இல் 25,000 பவுண்டுக்கு மேல் விலை போனது. நம் காசில் ஒரு லட்சம் வெள்ளிக்கும் அதிகம்!

குளோரியா ஜோன்ஸ் என்ற பாடகியின் கதையும் கேளுங்கள். 1965இல் வந்த 'டெய்ன்டட் லவ்' என்ற பாட்டு, தட்டின் பின்பக்கத்தில் போடப்பட்டது. அமெரிக்காவில் எடுபடவில்லை. வட இங்கிலாந்துத் தொழிலாளர்கள் அதை ஆடி ஆடிக் காப்பாற்றினார்கள். அங்கே அதைக் கேட்ட இளைஞர்கள் 'சாஃப்ட் செல்' என்ற குழுவாகச் சேர்ந்து 1981இல் மீண்டும் பாட, அது இங்கிலாந்தின் முதலிடத்தைப் பிடித்தது. எடுபடாத பாட்டு பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு முடிசூடியது!

நம் பாட்டைத் தேடும் அயலார்

"அது வெள்ளைக்காரர்கள் கதை, டீச்சர். நம் தட்டை யார் சீண்டுவார்கள்?" என்று கேட்கிறீர்களா?

1985இல் வந்த 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்துக்கு இளையராஜா அமைத்த பாட்டின் ஒரு பகுதியை, 2003இல் 'பிளாக் ஐட் பீஸ்' என்ற அமெரிக்கக் குழு எடுத்துத் தன் பாட்டில் சேர்த்துக்கொண்டது. 'தளபதி' படப் பாட்டின் தாளம் 2007இல் லண்டன் தமிழ்ப் பெண் மாயா அருள்பிரகாசத்தின் பாட்டில் ஒலித்தது. எம்.ஐ.ஏ. என்றால் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். இங்கிலாந்தின் 'ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்' என்ற நிறுவனம் இளையராஜாவின் பழைய பாட்டுகளைத் தொகுத்துத் தட்டாகவே வெளியிட்டது. நாம் பழைய சாமானோடு போட்டதை அவர்கள் பொறுக்கி எடுக்கிறார்கள்!

நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் பிறந்த லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் 'அலிகேட்ஸ்' குழு மலாய்ப் பாட்டுலகில் பெற்ற இடம் யாவரும் அறிந்தது. லோகநாதன் 2007இல் மறைந்தார். அவர்களுடைய முதல் தட்டுகள் உங்களில் யார் வீட்டிலாவது இன்னும் இருக்கக்கூடும்.

தட்டு சேர்க்கப் பணக்காரராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதும் தொழிலில் இருந்தவர். பழைய புத்தகம், நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், கலியாணப் பத்திரிகை எனப் பிறர் குப்பை என்று கருதியதையெல்லாம் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேமிப்பே 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று.

உங்கள் வீட்டில் இருந்தால்...

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய தட்டெல்லாம் தங்கம் என்று எண்ணிக் கனவு காணாதீர்கள். ஆயிரக்கணக்கில் விற்ற படப்பாட்டுத் தட்டுக்குப் பெரிய விலை கிடைக்காது. கொஞ்சமாக வார்த்தது, அதிலும் கொஞ்சமே மிஞ்சியது, அதைத் தேடி ஒருவர் அலைவது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் விலை. விலை இல்லாவிட்டாலும் காக்க வேண்டியதைக் காப்போம்.

தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்காமல் புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள். வெயிலும் ஈரமும் படக் கூடாது. தூசியை மெல்லிய துணியால் துடையுங்கள். அரக்குத் தட்டின்மேல் ஸ்பிரிட் தடவிவிடாதீர்கள்; அரக்கு கரைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தாளில் யார் வாங்கியது, எப்போது, எந்தத் தோட்டத்தில் கேட்டது என்று எழுதி உறைக்குள் வையுங்கள். தட்டில் இருப்பது பாடகரின் குரல். உங்கள் குடும்பத்தின் கதையை நீங்கள் எழுதினால்தான் உண்டு.

ஊசி தத்தாத இடம்

என் தேடல் ஒருவழியாகக் குளுவாங் பக்கம் முடிந்தது. தோட்டத் திருவிழாக்களுக்கு மைக் செட் போட்ட ஒரு பெரியவரின் மகன், தந்தையின் தட்டுகளையும் பாட்டுப்பெட்டியையும் கண்ணாகக் காத்து வருகிறார். அவரிடம் அதே தட்டு இருந்தது! எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்றேன்.

"விலைக்குக் கொடுக்க மாட்டேன் டீச்சர். மன்னிச்சிடுங்க. அப்பாவைக் கூட்டிக்கிட்டு வாங்க, போட்டுக் காட்டுறேன்" என்றார்.

அப்பாவைச் சக்கர நாற்காலியோடு அழைத்துப் போனோம். சாவி கொடுத்தார், ஊசியை வைத்தார். கரகரவென்ற இரைச்சலுக்குள்ளிருந்து அந்தக் குரல் எழுந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்தும் திறக்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்:

"நம்ம பிளேட்டுல நடுவுல ஒரு இடத்துல ஊசி தத்தும் பாப்பா. உங்க தாத்தா எழுந்து வந்து விரலால தள்ளி விடுவாரு. இதுல தத்தல."

அவர் தேடியது கிட்டப்பாவை மட்டுமல்ல. எழுந்து வந்து ஊசியைத் தள்ளிவிடும் தம் தகப்பனாரையும்தான். அதை எந்தக் கடையில் வாங்கித் தருவேன்? அப்பா சென்ற ஆண்டு காலமானார்.

ஆகவே வாசக அன்பர்களே, இன்றைக்கே வீட்டு அலமாரியின் மேலும் கட்டிலின் அடியிலும் பாருங்கள். கோயில் ஸ்டோரையும் ஒரு முறை திறந்து பாருங்கள். வீடு மாறும்போது பெரியவர்களைக் கேட்காமல் எதையும் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் அன்று ஒன்றும் சொல்லமாட்டார்கள். என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "எங்க பாப்பா?" என்று கேட்பார்கள்.