கணினியின் துடிப்பை விரைவாக்கல்

வீட்டுக் கணினி வாங்குவோர் அதன் பெட்டியிற் பொறித்த வேக எண்ணைப் படித்து, அதுவே அவ்வியந்திரத்தின் முடிந்த முடிபான ஆற்றல் என்று கொள்வர். உண்மையில் அவ்வெண் உற்பத்தியாளர் தரும் ஒரு வாக்குறுதி. வாக்குறுதிக்கும் இயந்திரத்தின் மெய்யான எல்லைக்கும் இடையே எப்பொழுதும் சிறிது இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைத் தாமே எடுத்துப் பயன்படுத்த முயல்வதைத்தான் ஓவர்குளொக்கிங் என்பர். முதன்முறையாக இதிற் கைவைக்க எண்ணும் இளைஞர், எதைக் கொடுத்து எதைப் பெறுகின்றனர் என்பதை அறிந்துகொள்ளல் நன்று.

கணினியின் மூளை எனத்தக்க செயலி ஒரு சிறிய சிலிக்கன் துண்டு. அதிலுள்ள எண்ணற்ற திரான்சிற்றர்கள் ஒரு பொதுவான துடிப்புக்கு அடங்கியே இயங்குகின்றன. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில், ஒவ்வொரு மின்குறிப்பும் தான் சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்து நிலைகொள்ள வேண்டும். கூத்துக் களரியில் மத்தளம் ஒலிப்பதை எண்ணிப் பாருங்கள். தாளம் விரைய ஆட்டமும் விரையும். ஆயின் தூக்கிய கால் நிலத்தில் ஊன்றுமுன் அடுத்த அடி விழுந்தால் ஆடுபவர் தடுமாறுவார். செயலியில் அத்தடுமாற்றம், ஒன்று வரவேண்டிய இடத்திற் பூச்சியம் வருவதாக முடியும்.

ஒரே சிலிக்கன் வட்டிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளும் ஒரே தன்மையன அல்ல. சில விரைந்து இயங்கும், சில இயங்கா. உற்பத்தியாளர் அவற்றைச் சோதித்து வகை பிரிக்கின்றனர். காற்றோட்டமற்ற பெட்டியிலும், வெப்பமான அறையிலும், ஆண்டுகள் பல கடந்தும் பிழையின்றி ஓடவேண்டும் என்பதால் சற்றுக் குறைத்தே எண்ணைப் பொறிக்கின்றனர். விற்பனை நோக்கமும் இதிற் கலந்துள்ளது. மலிவான சரக்குக்குக் கேள்வி மிகுந்தால், விரைவாக ஓடக்கூடிய துண்டும் மலிவான பெயருடன் சந்தைக்கு வந்துவிடும்.

இதற்குப் பேர்பெற்ற சான்று, 1998 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட செலரோன் 300ஏ என்னும் செயலி. தாய்ப்பலகை தரும் 66 மெகாஹேர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை அது நாலரை மடங்காக்கி 300 மெகாஹேர்ட்ஸில் ஓடும். அந்த மடங்கை எவரும் மாற்றாவண்ணம் நிறுவனம் பூட்டிவிட்டது. ஆனால் அடிப்படைத் துடிப்பு பலகையின் பொறுப்பு. அதனை 100 ஆக்கினால் நாலரை மடங்கு 450 ஆகும். பன்மடங்கு விலையுள்ள பென்ரியம் 2 செயலியின் வேகமும் அந்நாளில் அதுவே. 300ஏ துண்டுகளுட் பல இவ்வேகத்தைத் தாங்கின. பாதிப் பங்கு வேகம் இலவசமாகக் கிடைத்தது என்ற செய்தி உலகெங்கும் பரவியதில் வியப்பில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அஞ்சி அஞ்சி அடியெடுத்து வைத்தவர்களே அதிகம் இடர்ப்பட்டனர்! காரணம், அடிப்படைத் துடிப்பு செயலிக்கு மட்டும் உரியதன்று. வன்றட்டுக்கும் விரிவு அட்டைகளுக்கும் செல்லும் 33 மெகாஹேர்ட்ஸ் துடிப்பும் அதனை வகுத்தே பெறப்படும். 66 ஐ இரண்டால் வகுத்தால் 33. அதனை 83 ஆக உயர்த்தியபோது, பல பலகைகள் அப்பொழுதும் இரண்டாலேயே வகுத்தன. 33 வரவேண்டிய இடத்தில் 41 க்கு மேல் வந்தது. செயலி தாங்கிற்று, வன்றட்டின் பக்கத்திற் பிழை நேர்ந்து கோப்புகள் கெட்டன. 100 ஐ அடைந்ததும் பலகை மூன்றால் வகுக்க, மீண்டும் 33 ஆயிற்று. ஓர் உறுப்பின் வேகத்தைத் தொடும்போது அதனோடு பிணைந்த வேறு எவற்றைத் தொடுகிறோம் என்பதே இத்தொழிலில் முதலில் எழவேண்டிய வினா.

அடுத்தது வெப்பம். செயலி செலவிடும் வலு துடிப்புக்கு நேர்விகிதத்திலும், வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். துடிப்பை மட்டும் நூற்றுக்குப் பத்து உயர்த்தினால் வலுவும் ஏறத்தாழப் பத்தே கூடும். தடுமாறும் செயலியைத் தாங்கிப் பிடிக்க வோல்ற்றளவையும் நூற்றுக்குப் பத்து உயர்த்தினாலோ, மொத்தம் முப்பத்துமூன்று கூடிவிடும். குளிர்நாட்டவர் 20 பாகை அறையிற் பெற்ற பெறுபேற்றை நாம் 30 பாகை அறையில் எதிர்பார்த்தல் தகாது. வோல்ற்றளவின் தீங்கு அன்றே தெரிவதுமில்லை. மிகுந்த மின்னோட்டமும் வெப்பமும் செயலியினுள் உள்ள நுண்ணிய உலோகக் கம்பிகளின் அணுக்களை மெல்ல மெல்ல இடம்பெயர்க்கும்.

உற்பத்தியாளரே இதில் இடறியதுண்டு. இன்ரெலின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில, உரியவர் எதனையும் மாற்றாதிருந்தும் நிலைகுலைந்தன. மிகையான வோல்ற்றளவும் வெப்பமும் துடிப்பைப் பரப்பும் சுற்றையே முதுமையடையச் செய்தன என்று 2024 இல் அந்நிறுவனம் அறிவித்து, உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டியது.

இன்றைய செயலிகள் வெப்பத்தையும் சுமையையும் தாமே அளந்து வேகத்தை ஏற்றி இறக்குகின்றன. 1998 இல் நூற்றுக்கு ஐம்பது கிடைத்த இடத்தில் இன்று எஞ்சியிருப்பது சிறிதே. ஆயினும் மடங்கு பூட்டப்படாத செயலிகள் விற்பனையில் உள்ளன. இன்ரெலில் கே என்னும் எழுத்துடன் முடியும் பெயருடையன அத்தகையன, ஏ.எம்.டி.யின் ரைசன் வகையிற் பெரும்பாலானவையும் அவ்வாறே.

செய்ய விரும்புவோர் முதலிற் கோப்புகளைப் படியெடுத்து வேறிடத்தில் வைக்கட்டும். பின்னர், கணினி தொடங்கும்போது தோன்றும் பயோஸ் அமைப்பில் உள்ள எண்களைத் தாளிற் குறித்துக்கொண்டு, அடிப்படைத் துடிப்பை விட்டு, மடங்கை மட்டும் ஒன்று உயர்த்துக. வோல்ற்றளவைத் தொடற்க. அதன்பின் சோதனை. பிறைம் 95 என்னும் செய்நிரல், மிகப் பெரிய பகாவெண்களைத் தேடும் கூட்டுமுயற்சி ஒன்றுக்காக எழுதப்பட்டது. அதன் சோதனைப் பகுதி, விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளைச் செயலிக்குக் கொடுத்து, வந்த விடையை ஒப்பிடுகிறது. சில மணிநேரம் அதனை ஓடவிட்டு வெப்பநிலையைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு விடை தவறினும் முன்னைய எண்ணுக்குத் திரும்ப வேண்டும். "ஒன்றுதானே" என்று விட்டுவிடலாகாது. கணினி உறைந்து நின்றால் நமக்குத் தெரியும். ஆனால் பிள்ளையின் பரீட்சைக் கட்டுரையிலோ கடைக் கணக்கிலோ ஓர் எண் ஓசையின்றி மாறினால் எவருக்குத் தெரியும்? பலர் பங்கிடும் வீட்டுக் கணினியை விட்டு, பழைய கணினியொன்றிற் பழகுமாறு சொல்வதற்குக் காரணம் இதுவே. உத்தரவாதமும் இதனால் அற்றுப்போகலாம்.

மாற்றியபின் கணினி எழவே மறுத்தால் அஞ்ச வேண்டா. மின்னிணைப்பை முற்றாக நீக்கி, தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற மின்கலத்தைச் சில நிமிடங்கள் கழற்றி மீண்டும் பொருத்தினால், பெரும்பாலும் பழைய எண்கள் தாமே திரும்பிவிடும். காலைக் குளிர்ச்சியில் தேறிய அமைப்பை, வெயிலேறிய ஒரு நண்பகலிலும் மறுபடி சோதித்துக்கொள்க.