பத்தொன்பது வீட்டுச் சாம்பார்

“இத்தனை ஆய்வுகளைத் தொகுத்த மெட்டா அனாலிசிஸ் சொல்கிறது” என்று செய்தி வந்தால் அப்படியே நம்பிவிடலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்பட்டபோது தொகுத்தவர் என்ன செய்தார் என்பதைப் பார்க்காமல் நம்பக்கூடாது. இதற்கு நான் அறிந்த நல்ல பாடம் சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்திலிருந்து வந்தது.

தென் இத்தாலியில் ஹெபடைட்டிஸ் சி தொற்று வெகுகாலம் பரவியிருந்தது. கல்லீரல் சிரோசிஸ் நோயாளிகளும் அதிகம். ஈரல் இறுகினால் ரத்தம் வழி மாறி, உணவுக்குழாயின் நாளங்கள் புடைக்கும். அவை வெடித்தால் உயிருக்கே ஆபத்து. முதல் வெடிப்பைத் தடுக்க 1980-களில் இரண்டு வழிகள் போட்டியிட்டன. ஒன்று பீட்டா பிளாக்கர் மாத்திரை. மற்றது, எண்டோஸ்கோப் வழியாக நாளத்தில் ஊசி போட்டு அதை அடைத்துவிடும் ஸ்க்லீரோதெரபி. பலேர்மோவின் லூயிஜி பல்யாரோ, ஜென்னாரோ டி அமிக்கோ குழுவினர் 26 ஆய்வுகளைத் திரட்டி, 1992-இல் ‘அனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் வெளியிட்டார்கள்.

மாத்திரை ரத்தக்கசிவைக் குறைத்தது தெளிவாகவே தெரிந்தது. ஊசி பற்றிய 19 ஆய்வுகளோ ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. 1982-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வு ஊசியைக் கொண்டாடியது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வையோ, ஊசி போட்டவர்களே அதிகம் இறந்ததால் பாதியில் நிறுத்தினார்கள்.

 

இப்படி முரண்படும் ஆய்வுகளை எப்படிச் சேர்ப்பது என்று பார்க்கச் சமையலறைக்கு வருவோம். பெருங்காயம் சாம்பாருக்கு ருசி கூட்டுமா என்று 19 வீடுகளில் சோதிக்கிறோம். வீட்டுக்கு இரண்டு சட்டி: ஒன்றில் பெருங்காயம் உண்டு, மற்றதில் இல்லை. பெருங்காயச் சாம்பாரையெல்லாம் ஓர் அண்டாவிலும் மற்றதை இன்னோர் அண்டாவிலும் கொட்டி ருசித்தால், ஒரு வீட்டுப் புளியும் இன்னொரு வீட்டு உப்புத் தண்ணீரும் கலந்து குழப்பிவிடும். அந்தந்த வீட்டின் இரண்டு சட்டிகளை அங்கேயே ஒப்பிட்டு, கிடைத்த வித்தியாசங்களை மட்டுமே சேர்க்க வேண்டும். அண்டா நிறையச் சமைத்த கல்யாண வீட்டு முடிவுக்கு எடை அதிகம், சின்னச் சட்டிக்குக் குறைவு.

சரி, வீட்டுக்கு வீடு முடிவு ஏன் மாறுகிறது? ஊசி போடாத குழுவில் அதிகம் பேருக்கு ரத்தம் கசிந்த ஆய்வுகளில்தான் ஊசி நல்ல பலன் காட்டியது. அதாவது, வெறும் சாம்பார் மட்டமாக இருந்த வீடுகளில்தான் பெருங்காயம் ஜொலித்தது. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஊசி உதவும் என்று இதைப் படிக்கத் தோன்றும். அது உண்மையாகவும் இருக்கலாம்.

ஆனால் ஒரு வீட்டில் பெருங்காயம் போடாத சட்டி தற்செயலாக அடிப்பிடித்துவிட்டது என்று வையுங்கள். அந்த வீட்டுச் சமையல் மட்டம் என்று ஒரு பக்கம் பதிவாகும். பெருங்காயத்தால் பெரிய முன்னேற்றம் என்று மறுபக்கமும் பதிவாகும். அடிப்பிடித்த ஒரே சட்டி இரண்டு கணக்கிலும் ஏறுகிறது! பெருங்காயம் துளியும் வேலை செய்யாவிட்டாலும், சமையல் மட்டமான வீட்டுக்கே அது உகந்தது என்று கிராஃபில் சாய்கோடு விழும். சின்னச் சட்டி சீக்கிரம் அடிப்பிடிக்கும். சிறிய ஆய்வுகளில் தற்செயலுக்கு அவ்வளவு பலம். இந்தப் பொறியை முதன்முதலில் புரிந்துகொண்டபோது ஏற்பட்ட வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

1990-களில் பிரிட்டன் புள்ளியியலாளர் சைமன் தாம்ப்சனும் சகாக்களும் ஊசி பற்றிய இதே ஆய்வுகளை எடுத்துக்கொண்டு இதை விளக்கினார்கள். உண்மையான ஆபத்தையும் தற்செயலையும் பிரித்தறியும் கணக்குமுறைகளும் வந்தன. பலேர்மோ குழுவின் எண்கள் ஆய்வுவாரியாகக் கிடைத்ததால்தான் பிறர் மறுபடி கணக்குப் போட முடிந்தது. ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளில் அவை இன்றும் பயிற்சிக்குக் கிடைக்கின்றன. நூறு ஆய்வுகளின் முடிவு என்று விளம்பரங்கள் நீட்டும் ஒற்றைச் சதவீதத்தில் இப்படி எதையும் சரிபார்க்க வழியில்லை.

பல்யாரோவும் பங்கேற்ற பிரான்ஸ்-இத்தாலிக் குழு 1991-இல் இன்னும் ஆழமாகப் போனது: நான்கு மாத்திரை ஆய்வுகளின் 589 நோயாளிகளையும் தனித்தனியே எடுத்து அலசியது. பீட்டா பிளாக்கர் இன்றும் சிரோசிஸ் நோயாளிகளுக்கு எழுதித் தரப்படுகிறது. முதல் கசிவைத் தடுப்பதற்கென்று ஸ்க்லீரோதெரபியை இப்போது பரிந்துரைப்பதில்லை. புடைத்த நாளத்தை ரப்பர் வளையத்தால் கட்டும் முறை அதன் இடத்துக்கு வந்துவிட்டது.